பட்டர் ஃப்ரூட் பூக்கிறது, காய்க்கவில்லை: கடலூர், புதுச்சேரி வீட்டு மரங்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பெரிய மார்க்கெட்டில் வாங்கிய பழத்தின் கொட்டையைத் தண்ணீரில் வைத்து முளைக்கவிட்டுக் கொல்லையில் நட்டது. இல்லையென்றால் நர்சரியில் "ஹாஸ் ஒட்டு" என்று சொல்லிக் கொடுத்தது. லாஸ்பேட்டையிலும் மஞ்சக்குப்பத்திலும் வீடுகளில் நிற்கும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரங்களின் பூர்வீகம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். மரம் மாடி உயரம் வளர்ந்துவிடுகிறது. தை பிறந்தால் கிளை நுனியெல்லாம் பூ. பங்குனியில் தரையெல்லாம் பூ. காய் மட்டும் இல்லை. பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "இது ஆண் மரம்ப்பா, வெட்டிப் போட்டுட்டு வேற வை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வெட்ட வேண்டாம். பனையில் ஆண் மரம் பெண் மரம் உண்டு, பப்பாளியிலும் உண்டு. இதில் கிடையாது. ஒவ்வொரு பூவிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். காய் பிடிக்காத மரத்துக்கு உரம், மருந்து, டானிக் என்று தேடிப் போகும் முன்னால் இரண்டு நாள் அந்தப் பூவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். என்ன கோளாறு என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்: உங்கள் மரம் ஏ வகையா, பி வகையா

பூ ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தாலே அதிகம். பச்சை கலந்த மஞ்சள் நிறம், ஆறு இதழ், மேலே பூனைமயிர் போல் மெல்லிய ரோமம். வெறும் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் செல்போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதல் முறை விரியும்போது பூ பெண் நிலையில் இருக்கும். நடுவில் ஒற்றைக் குச்சியாகச் சூல்தண்டு நிமிர்ந்து நிற்கும். அதன் நுனி, அதாவது சூல்முடி, வெள்ளையாக, லேசான ஈரப் பளபளப்போடு இருக்கும். சுற்றிலும் ஒன்பது மகரந்தத்தாள்கள் இதழோடு இதழாகப் படுத்துக்கிடக்கும். மகரந்தப்பைகள் மூடியிருக்கும், விரலால் தொட்டால் எதுவும் ஒட்டாது. இரண்டு மூன்று மணி நேரம் இப்படி இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். பிறகு மறுநாள் இரண்டாம் முறை விரியும். இப்போது ஆண் நிலை. பூ நேற்றைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். படுத்துக்கிடந்த தாள்கள் எழுந்திருக்கும். உள்வட்டத்து மூன்று தாள்கள் சூல்தண்டை ஒட்டி நேராக நிற்கும், வெளிவட்டத்து ஆறும் சற்றுச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு மகரந்தப்பையிலும் சின்னச் சின்ன மூடிகள் மேல்நோக்கித் திறந்து, அவற்றில் மஞ்சள் பொடி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். விரலில் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். இந்தப் பிசுபிசுப்பு முக்கியம், பின்னால் வருகிறேன்.

மரத்தில் உள்ள பூக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு இந்த ஒழுங்கில் விரிந்து மூடும். இதை 1920-களில் நிரோடி, ஸ்டவுட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கவனித்து எழுதினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஏ, பி என்ற பிரிவு.

ஏ வகை மரத்தில் காலையில் விரிவது பெண் பூ. மதியத்துக்குள் மூடும். அதே பூ மறுநாள் மதியத்துக்கு மேல் ஆண் பூவாக விரியும். பி வகையில் பெண் பூ விரிவது மதியத்துக்கு மேல். மாலையில் மூடி, மறுநாள் காலை ஆண் பூவாக விரியும். ஆக, காலையில் ஏ மரம் பெண், பி மரம் ஆண். பிற்பகலில் நேர் எதிர்.

சோதனை எளிது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மரத்தடிக்குப் போங்கள். விரிந்திருக்கும் பூக்களில் தாள் படுத்திருந்தால் ஏ. தாள் எழுந்து பொடி தெரிந்தால் பி. அன்றே பிற்பகல் மூன்றரைக்குப் போய் நிலை மாறியிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கொத்தில் கலர் நூல் கட்டிவைத்தால் மறுநாளும் அதையே பார்க்கலாம். மேகமூட்டமான நாளிலும், மார்கழி தைக் குளிரில் பொழுது விடிந்த கையோடும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். குளிர்ந்தால் பூ விரிவது ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகும், வகை மாறிவிட்டது போலத் தோன்றும். கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த இடங்களில் இந்தக் குழப்பம் பெரிது. அங்கே பி மரத்தின் பெண் நிலையே சில நாள் சரியாக விரியாமல் போகும். நம் கடலோரத்தில் அந்த அளவுக்குப் போவதில்லை.

பெயர் தெரிந்த ஒட்டு என்றால் வகை ஏற்கெனவே தெரிந்ததுதான். ஹாஸ், ரீட், பிங்கர்டன், லூலா, சிம்மண்ட்ஸ், ரஸ்ஸல் எல்லாம் ஏ. ஃபுவர்ட்டே, பேகன், ஜுடானோ, எட்டிங்கர், பொல்லாக், ஹால், பூத்-7, பூத்-8, மன்றோ எல்லாம் பி. ஆனாலும் பூவைப் பார்த்து ஒருமுறை சரிபாருங்கள். சீட்டில் எழுதியிருப்பதைவிடப் பூ சொல்வதை நம்பலாம். கொட்டையிலிருந்து வந்த மரத்துக்குத் தாய் மரத்தின் வகையை வைத்துக் கணக்குப் போட முடியாது. சிம்மண்ட்ஸ் ரகம் பொல்லாக்கின் கொட்டையிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. தாய் பி, பிள்ளை ஏ.

அறிகுறி: மரம் ஓங்கி வளர்கிறது, பூவே வரவில்லை

முதல் கேள்வி வயது. ஒட்டுச்செடி மூன்று நான்கு வருஷத்தில் பூக்கும். கொட்டை நட்ட மரம் ஐந்து முதல் பத்து வருஷம் வரைகூட எடுத்துக்கொள்ளும். கொட்டையிலிருந்து வந்த ஆறு வயசு மரம் பூக்கவில்லை என்றால் அதில் கோளாறு எதுவும் இல்லை.

வயது தாண்டிவிட்டது என்றால் ஒரு முற்றிய இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். சோம்பு வாசனை அடித்தால் அது மெக்சிகோ வழி வந்த மரம், குளிருக்குப் பழகிய சாதி. வாசனையே இல்லாமல், இலை வெளிர்பச்சையாக அகலமாக இருந்தால் மேற்கிந்தியத் தீவு வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வெப்பச் சமவெளிக்கும் கடலோரத்துக்கும் ஒத்துவருகிற சாதி. நம் ஊர் மார்க்கெட்டுக்கு வரும் பழம் பெரும்பாலும் பழனி மலை, ஏற்காடு பக்கத்து மலைப் பழம். அந்தக் கொட்டைகளில் குளிர் கேட்கும் கலப்பு நிறைய. இப்படிப்பட்ட மரம் இங்கே இலையாக வளரும், பூக்க யோசிக்கும். காத்திருப்பதைவிட, அதே மரத்தின் மேல் கடலோரத்துக்கு ஏற்ற ரகத்தை ஒட்டுக் கட்டுவதே மேல்.

அடுத்தது கிளை வெட்டுவது. இந்த மரம் பூப்பது போன பருவத்தில் முற்றிய கிளைகளின் நுனியில். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததை அனுபவித்தவர்களுக்கு ஐப்பசி வந்தாலே கிளையை வெட்டித் தள்ளத் தோன்றும், பயம் நியாயமானதுதான். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் நுனியை வெட்டினால் தையில் வரவேண்டிய பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். வெட்டுவதை ஆவணியில், காய் பறித்த கையோடு முடித்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். வெப்பமான ஊர்களில் இந்த மரத்தைப் பூக்க வைப்பது மண் சற்றுக் காய்வதுதான். மழை ஓய்ந்த பிறகு மார்கழிக் கடைசியில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, மொட்டுக் கண்டவுடன் மறுபடி ஒழுங்காகக் கொடுங்கள். துணி துவைக்கும் தண்ணீர் வருஷம் முழுக்க அடிமரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மரம் துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும். யூரியாவும் அதே வேலையைத்தான் செய்யும்.

அறிகுறி: பூ கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை

இதுதான் நம் ஊரில் அதிகம் கேட்கும் குறை. பதற்றம் தணிய முதலில் ஒரு கணக்கு: வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் பத்து லட்சம் பூ வரை பூக்கக்கூடியது. ஆயிரம் பூவுக்கு ஒரு காய் தங்கினாலே நல்ல விளைச்சல். ஆகவே தரையில் பூ கிடப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பூ முழுவதும் கொட்டி இரண்டு வாரம் ஆகியும் கொத்துக் காம்பில் கடுகளவு பச்சை உருண்டை ஒன்றும் இல்லையா? அப்போதுதான் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

மரம் தனி மரமா? சுற்றுவட்டாரத்தில் வேறு பட்டர் ஃப்ரூட் இல்லையா? உங்கள் மரம் பெண்ணாக இருக்கும் நேரத்தில் மகரந்தம் தர யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். ஆனால் தனி மரம் என்றால் காய்க்கவே காய்க்காது என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு வழியில் அது தன் மகரந்தத்தையே வாங்கிக்கொள்ள முடியும். ஒன்று, நடுப்பகல். ஏ மரத்தில் காலைப் பெண் பூ மூடி முடிவதற்குள் நேற்றைய பூக்கள் ஆணாக விரியத் தொடங்கும். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை மரத்தைப் பாருங்கள். இரண்டு நிலையும் கலந்து தெரியும் சிறு இடைவெளி இருக்கும். மேகமூட்டமான நாளில் இந்த இடைவெளி நீளும். இரண்டாவது வழி நம் கடலோரத்துக்கே வாய்த்தது. வறண்ட ஊரில், பூ இரண்டாம் முறை விரியும்போது சூல்முடி காய்ந்து பழுப்பாகிவிடும். காற்றில் ஈரம் அதிகமுள்ள இடத்தில் அது ஆண் நிலையிலும் வெள்ளையாகவே இருந்து மகரந்தத்தை ஏற்கக்கூடும். பிற்பகலில் கடற்காற்று ஏறிய பிறகு உங்கள் ஏ மரத்தின் ஆண் பூவைக் கேமராவில் பாருங்கள். சூல்முடி வெள்ளையாக இருந்தால் தனி மரமும் கொஞ்சம் காய்க்கும் என்று நம்பலாம். பழுப்பாக இருந்தால் துணை மரம் வேண்டும்.

துணை மரம் வைப்பது என்று முடிவு செய்தால் எதிர் வகையை வையுங்கள், ஏ-வுக்கு பி, பி-க்கு ஏ. வகை எதிராக இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே வாரங்களில் பூக்கவும் வேண்டும். தையில் பூத்து மாசியில் முடிக்கும் மரத்துக்கு, பங்குனியில் தொடங்கும் துணையால் பயன் இல்லை. இதனால்தான் கடலோரத்து ஏ மரத்துக்கு மலைக்கான ஃபுவர்ட்டேயை ஜோடி சேர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. பொல்லாக் போன்ற மேற்கிந்திய பி ரகம் கிடைத்தால் அதுவே பொருத்தம். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி.-1 ரகம் தமிழ்நாட்டில் பெயர் பெற்றதுதான், ஆனால் அது பழனி மலைச் சரிவுக்காக வந்த ரகம் என்பதை மறக்க வேண்டாம்.

இடம் இல்லையா? நகரத்து வீட்டில் இன்னொரு மரத்துக்கு இடம் ஏது என்பது நியாயமான கேள்விதான். அதற்கு மூன்று வழி. பக்கத்து வீட்டில், எதிர்த் தெருவில் யாராவது நடச் சம்மதிப்பார்களா கேளுங்கள். தேனீக்கு மதில் சுவர் ஒரு பொருட்டில்லை. ஆனால் துணை எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது, ஒரே குழியில் ஓரிரு அடி இடைவெளியில் எதிர் வகைக் கன்றை நட்டு இரண்டையும் ஒரே மரமாக வளர்ப்பது. மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: இருக்கும் மரத்திலேயே ஒரு கிளையில் எதிர் வகையை ஒட்டுக் கட்டுவது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக்கு மென்தண்டு ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது கைவந்த வேலை. வெயில் படும் மேல்பக்கக் கிளையில் கட்டுங்கள். ஒட்டிய கிளைக்கு அடையாளமாகப் பெயின்ட் பூசிவையுங்கள், இல்லையென்றால் யாராவது ஒரு நாள் அதைப் தேவையில்லாத கிளை என்று நினைத்துச் சீவிவிடுவார்கள்.

அறிகுறி: துணை மரம் இருக்கிறது, பூவும் ஒன்றாக வருகிறது, அப்படியும் காய் இல்லை

மகரந்தம் பிசுபிசுக்கும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் காற்று அதைப் பெரிதாகத் தூக்கிப் போகாது. பூச்சிதான் சுமக்க வேண்டும். மரம் பெண் நிலையில் இருக்கும் நேரத்தில், ஏ என்றால் காலை பத்துக்கு, பி என்றால் பிற்பகல் மூன்றுக்கு, மரத்தடியில் சற்று நேரம் சும்மா நில்லுங்கள். ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

தேனீக்கு இந்தப் பூ மேல் அவ்வளவு இஷ்டம் கிடையாது. இதன் தேனில் பெர்சிட்டால் என்ற சர்க்கரை இருக்கிறது, தேனீ அதை விரும்பி நாடுவதில்லை. பக்கத்தில் எலுமிச்சை பூத்திருந்தால் முதலில் அங்கேதான் போகும். அதற்காக எலுமிச்சையை வெட்ட வேண்டியதில்லை. தேனீயின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். தேனீப்பெட்டி வைக்க முடிந்தவர்கள் வைக்கலாம். முடியாதவர்கள் சுவர்ப் பொந்தில், மீட்டர் பெட்டியில் கூடு கட்டும் கொசுத்தேனீயைக் கலைக்காமல் விடுங்கள். அது கொட்டாது, சின்னப் பூவுக்கு ஏற்ற சின்ன உடம்பு. வேலிச் செடியில் கூடு கட்டும் கொம்புத்தேனீயும் அப்படியே இருக்கட்டும். கொத்தமல்லி, துளசி, தும்பை எல்லாம் கொஞ்சம் பூக்கவிட்டால் வருஷம் முழுக்கப் பூச்சி தங்கும்.

ஈயும் இந்த வேலையைச் செய்யும். பூஈ, பச்சை ஈ, நீல ஈ எல்லாம் பூவில் உட்கார்ந்து உடம்பில் பொடியோடு போவதைப் பார்க்கலாம். மீன் கழிவை மக்கவைத்து உரமாக்கும் பழக்கம் உள்ள வீடாக இருந்தால், பூக்கும் மாதங்களில் அந்தக் குழியை மரத்துக்குச் சற்றுக் கிட்டே வைத்துக்கொள்ளலாம்.

பூச்சியைக் கொல்வது எது என்றும் பார்க்க வேண்டும். பூ இருக்கும்போது இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் தெளிக்கவோ வேரில் ஊற்றவோ கூடாது. பூந்தேன் வழியாகத் தேனீக்குள் போகும். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட பூ மூடிய பிறகு, பொழுது சாய்ந்துதான். தெருவில் கொசுப் புகை அடிக்கும் நாள்களில் பி மரம் இருக்கிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், அதன் பெண் பூ விரிந்திருப்பது மாலைக்கு நெருக்கமான நேரத்தில். பூக்கும் சில வாரங்களுக்கு, இருட்டிய பின் அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கையால் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம். எதிர் வகை மரத்தில் பொடி திறந்த ஆண் பூக்களைப் பறித்து, அதன் தாள்களைப் பெண் பூவின் வெள்ளை நுனியில் மெதுவாக ஒற்ற வேண்டும். தனி ஏ மரம் என்றால் பிற்பகலில் ஆண் பூக்களைப் பறித்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் காகிதம் விரித்துப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை அதே மரத்தின் பெண் பூவில் ஒற்றலாம். வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையும் உதவும். தொட்ட பூவெல்லாம் காயாகாது, இதன் இயல்பே அப்படி. கைக்கு எட்டும் கொத்துகளில் நாள்தோறும் செய்தால் முதல் வருஷத்துக்குச் சில காய் பார்க்கலாம். பெரிய மரத்துக்கு இது தீர்வாகாது.

அறிகுறி: பிஞ்சு பிடிக்கிறது, மிளகளவிலோ கோலிக்குண்டு அளவிலோ உதிர்கிறது

மகரந்தம் சேர்ந்தாகிவிட்டது, ஆகவே வகையைப் பற்றிய கவலையை விடுங்கள். உதிர்வதில் பெரும்பகுதி இயற்கை. மரம் தாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்ளும். எதிர் வகை மகரந்தத்தால் உண்டான பிஞ்சுகள் சொந்த மகரந்தத்தால் உண்டானவற்றைவிட நிலைத்து நிற்பதாக ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. தனி மரத்தில் பிஞ்சு பிடித்தும் நிற்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒன்று விடாமல் உதிர்கிறதா? பங்குனி சித்திரை வெயிலைப் பாருங்கள். 33 டிகிரிக்கு மேல் போய், கூடவே வறண்ட மேல்காற்றும் அடித்தால் பிஞ்சு தாங்காது. வெயிலைக் குறைக்க முடியாது, வேரைக் குளிர வைக்கலாம். இதன் உறிஞ்சு வேர் எல்லாம் மேல்மண்ணில்தான் இருக்கிறது. கொத்திவிட வேண்டாம். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளை நிழல் விழும் அகலத்துக்குக் காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சோகை எதுவாவது அரையடி கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அதிகாலையில் தண்ணீர், கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி. ஒரு வாரம் மறந்துவிட்டு எட்டாம் நாள் வெள்ளமாக விட்டால் அந்த வாரமே பிஞ்சு கொட்டும்.

பூங்கொத்தின் நுனியில் கொழுந்து கிளம்புகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான கொத்துகளின் முனையில் ஓர் இலை மொட்டு இருக்கும். பிஞ்சு பிடிக்கும் அதே வாரங்களில் அது துளிர்த்து நீண்டால், மரத்தின் சத்து கொழுந்துக்குப் போகும், பிஞ்சு பட்டினியில் உதிரும். பூக்கும் காலத்தில் தழைச்சத்து உரம் போட்டால் இந்தப் போட்டி கடுமையாகும். தையில் போட வேண்டாம். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்தபின் கொடுங்கள்.

போரான் குறைந்தாலும் மகரந்தக் குழல் சரியாக வளராது, பிஞ்சும் நிற்காது. மணல் கலந்த தரையில் மழையோடு போரான் அடித்துக்கொண்டு போய்விடும். பூ விரியத் தொடங்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போரிக் அமிலம் கலந்து ஒரே ஒரு முறை தெளிக்கலாம். அளவு கூடினால் இலை கருகும், இதில் கைத்தாராளம் வேண்டாம்.

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி, கூடவே பிஞ்சும் உதிர்ந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தேவனாம்பட்டினம் பக்கமும் புதுச்சேரிக் கடலோரத் தெருக்களிலும் போர் தண்ணீரில் உப்பு ஏறிய இடங்கள் உண்டு. பட்டர் ஃப்ரூட் உப்புக்கு மிகவும் பயந்த மரம். மேற்கிந்திய வழி வேர் மட்டும் ஓரளவு தாங்கும். தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கக் குருமாம்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கோடையில் மரத்துக்கு நகராட்சித் தண்ணீரோ சேமித்த மழைநீரோ கொடுக்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை.

அறிகுறி: விரல் நீளத்துக்குக் குச்சிக் காய், உள்ளே கொட்டை இல்லை

நோய் இல்லை. கரு நின்றுபோனதால் கொட்டை இல்லாமல் வளர்ந்த காய், சின்ன வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும். தாராளமாகச் சாப்பிடலாம், தோலும் மெல்லியது. மரத்தில் இந்த மாதிரிக் காய்தான் அதிகம் என்றால் மகரந்தச் சேர்க்கை அரைகுறையாக நடக்கிறது, அல்லது சேரும் நாள்களில் வெயிலோ குளிரோ எல்லை மீறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். துணை மரம், தேனீ இரண்டையும் மறுபடி பாருங்கள்.

அறிகுறி: கொத்தே கருகிக் காய்கிறது

பூ விரியும் முன்பே கொத்து கருத்தால் மூன்று சந்தேகம். கொத்தில் வெள்ளைப் பொடி பூத்தது போல இருந்தால் சாம்பல் நோய். பூ விரியும் முன் நனையும் கந்தகத்தைக் காலை வேளையில் தெளிக்கலாம், கடும் வெயிலில் கூடாது. தை மாதத்துப் பனியும் தூறலும் சேர்ந்து, கொத்தில் கரும்புள்ளி பரவினால் அது பூஞ்சைக் கருகல். காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்து, உள்ளே காற்றும் வெயிலும் புகும்படி கிளையைத் திறந்துவிடுங்கள். இளங்கொழுந்தும் கொத்தும் ஊசி குத்திய இடம் இடமாகக் கருத்து வாடினால், முந்திரித் தோப்புக்காரர்களுக்கு நன்கு தெரிந்த தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தேடுங்கள். காலை வெயில் ஏறும் முன் கொழுந்தில் உட்கார்ந்திருக்கும்.

அறிகுறி: மழைக்காலம் முடிந்து மரமே வாடுகிறது, பூத்தும் பலனில்லை

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் இந்த மரத்தின் வேர் ஓரிரு நாள் தண்ணீரில் நின்றாலே போதும், வேரழுகல் பூஞ்சை புகுந்துவிடும். அடையாளம் இது: மண்ணில் ஈரம் இருந்தும் இலை தொங்கும், புது இலை சிறுத்து வெளுக்கும், நுனிக் கிளை காயும். சாகப்போகும் மரம் சில சமயம் அளவுக்கு மீறிப் பூக்கும். இலை குறைந்து பூ மட்டும் மண்டியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், கொத்துகளைக் கிள்ளிவிட்டு மரத்தைக் காப்பாற்றப் பாருங்கள். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள், வேரைத் தொடாமல். காலாப்பட்டு, கோரிமேடு செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. பாகூர் பக்கத்துக் களிமண்ணில் புதிதாக நடுகிறவர்கள் குழி வெட்டி நடவே கூடாது. இரண்டு மூன்றடி உயரத்துக்கு மேடு போட்டு அதன் மேல் நடுங்கள்.

அறிகுறி: ஒரு வருஷம் கிளை முறியக் காய், மறு வருஷம் பூகூட இல்லை

மாமரத்தில் பார்த்ததுதான். காய்த்த வருஷம் பிஞ்சிலேயே கொஞ்சம் கழித்துவிடுங்கள், முற்றியதும் மரத்தில் நாள்கணக்கில் தொங்கவிடாமல் பறியுங்கள்.

அறிகுறி: காய் பெரிதாகித் தொங்குகிறது, பழுக்கவே இல்லை

மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். மேற்கிந்திய வழி மரம் தையில் பூத்தால் ஆடி ஆவணியில் முற்றும். பெரிய காயாக ஒன்றைக் காம்போடு பறித்து, அரிசிப் பானையிலோ மேசையிலோ வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தோல் சுருங்காமல் மெத்தென்று ஆனால் மற்றவற்றையும் பறிக்கலாம். சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து அடுத்ததைப் பறியுங்கள். அறுத்துப் பார்க்கும்போது கொட்டையின் மேல்தோல் வெளுத்து, சதையோடு ஒட்டியிருந்தால் பிஞ்சு. பழுப்பாகிக் காகிதம் போல் காய்ந்திருந்தால் முற்றியது.